திரைக்குப் பின்னால் தொண்ணூற்றாறு இருக்கைகள்

அன்பு மச்சான் வேலாயுதம்,

நான் ஸ்ரீகாந்தன், குமாரசாமியின் மகன், ஈப்போவாசி, வயது ஐம்பது, கட்டடக்கலை விரிவுரையாளன். இந்தக் கடிதத்தின் நோக்கம் ஒன்றே. நம் இறுதியாண்டில் நீ வரைந்த அரங்கின் நான்காம் தாளுக்கு என்ன நேர்ந்தது என்பதை உன்னிடமும் இதைப் படிக்கும் மற்றவர்களிடமும் எழுத்தில் ஒப்புக்கொள்வது. "கடுதாசியிலகூட கவர்மெண்டு பாரம் நிரப்புறியாலா?" என்று நீ சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரி. எனக்கு வேறு விதமாக எழுத வராது.

நீ போய் இன்றோடு நாற்பத்தொரு நாள். உன் தாமானில், அந்த வரிசை வீட்டுக் குடியிருப்பில், தினமும் நாலு மணிக்கு மழை. வாசலில் நீ நட்ட ரம்புத்தான் இந்த வருடம்தான் காய்த்திருக்கிறது. உன் மனைவி ராஜி இன்னும் காலை ஐந்தரைக்கு எழுந்துவிடுகிறாளாம், டயாலிசிஸுக்கு உன்னைக் கிளப்ப வேண்டும் என்று. விளக்கைப் போட்ட பிறகுதான் நினைவு வருகிறதாம்.

இரண்டு ஆண்டுகள், வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் நீ அந்தச் சாய்வு நாற்காலியில் கிடந்தாய். நான் வந்தது இரண்டே முறை. இரண்டு முறையும் பார்வையாளர் நேரம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே எழுந்துகொண்டேன். விதி அப்படி என்றேன். உண்மையில், அந்தத் தாளைப் பற்றி நீ பேசிவிடுவாயோ என்ற பயம். நீ பேசவில்லை. ஏன் வேலு, ஒரு வார்த்தையாவது கேட்டிருக்கக் கூடாதா?

படிக்கிறவர்களுக்கு உன்னைத் தெரியாது. ஆகவே முறைப்படி சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரில் நாம் படித்த கட்டடக்கலை வகுப்பில் பேராக் மாநிலத் தமிழர் இரண்டு பேர்தான். நான் ஈப்போ நகரத்தவன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து உத்தியோகம் பார்த்த குடும்பம். நீ செமோருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தின் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவன். அம்மா பால்மரம் வெட்டியவர். என் தாத்தா பத்து காஜாப் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். விடியுமுன் நடக்கும் பெரட்டில், வரிசையாக நிற்கும் தொழிலாளிகளின் பெயர்களைப் படித்து, வந்தவருக்குப் பேர் போடுவதும் தாமதித்து வந்தவரின் பேரை வெட்டுவதும் அவர் வேலை.

இதை முதல் வாரமே உன்னிடம் சொல்லிவிட்டேன். போதாததற்கு நான் வகுப்புத் தலைவன். வருகைப் பதிவேடு என் கையில்.

"அப்ப நீ கிராணி வூட்டு புள்ளையாலா! ஒங்க தாத்தா பேரு போட்டாரு, எங்க தாத்தா பேரு வாங்குனாரு. இங்கயும் அதே பெரட்டுதானா?"

"ஏழு நிமிடம் தாமதம்" என்றேன்.

"வெட்டிராத கிராணி, பொழச்சிப் போறேன்!"

மலாயிலும் அந்தச் சொல் உண்டு என்பதால் வகுப்பு முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. படிப்பு முடியும்வரை என் பெயர் கிராணிதான். கோபப்படுவதுபோல் காட்டிக்கொண்டேன். எனக்கு வாய்த்த ஒரே பட்டப்பெயர் அது, பிடித்துத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஊர் திரும்பும்போது ஒருநாள் நீ சொன்ன கதையில்தான் எல்லாம் தொடங்கியது. நீ சிறு பிள்ளையாக இருந்தபோது, சம்பளம் போட்ட வார இறுதியில், தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்களாம். துணிக்கு முன்னால் நாற்காலிகள். அவை கிராணிமார் குடும்பங்களுக்கு. நாற்காலிகளுக்குப் பின்னால் பாய் விரித்து லயத்து ஜனம். உன் அம்மா பால்வெட்டு முடிந்து, துணி துவைத்து, ஆக்கி இறக்கி வருவதற்குள் முன்பக்கம் நிறைந்துவிடும். அப்படிக் கடைசியில் வருகிற பெண்களெல்லாம் துணிக்கு அந்தப் பக்கம், பின்னால் போய் உட்காருவார்கள். அம்மா மடியில் நீ.

"பின்னாலேருந்து பாத்தா எல்லாம் மாறித் தெரியும் மச்சான். ஈரோ எடது கையிலதான் வாள் சுத்துவாரு. நானும் அவரு எடக்கைன்னே நெனச்சிட்டேன். அப்புறம் ஈப்போ தியேட்டர்ல போயி பாக்குறேன், வலது கையில சுத்துறாரு. 'இது டூப்புலா, காசத் திருப்பிக் குடு'ன்னு கத்துனேன். எங்கம்மா வாயப் பொத்துனாங்க."

"அப்போ எழுத்து?"

"எழுத்தும்தான். படம் முடிஞ்சா 'சுபம்'னு போடுவான்ல? எங்களுக்கு அது 'ம்பசு'. பின்பக்கத்துப் புள்ளைங்க மொத்தமும் எந்திரிச்சி நின்னு 'ம்பசு, ம்பசு'ன்னு கத்தும். முன்னால ஒக்காந்திருக்கிற புள்ளைங்க திரும்பிப் பாக்கும், ஒண்ணும் வெளங்காது. அது எங்க பாஷ மச்சான்."

அன்றிலிருந்து ஈப்போவில் இறங்கிப் பிரியும்போது 'வாரேன்' என்று சொல்வதை விட்டு 'ம்பசு' என்று சொல்லிக்கொண்டோம். அந்தத் திடலில் என் தாத்தாவைப் போன்றவர்கள் முன்நாற்காலியில் இருந்திருப்பார்கள் என்பதை நீ ஒருபோதும் சொல்லிக்காட்டியதில்லை. நானும் அதைப் பற்றி யோசித்ததில்லை.

இறுதியாண்டில் நமக்குக் கொடுத்த திட்டம் இது: ஒரு சிற்றூரின் ஓரத்தில் நாடகமும் படமும் நடக்கத்தக்க அரங்கு, அதைச் சுற்றிக் குடியிருப்பு. நான் ஈப்போவில் ஆற்றங்கரையை எடுத்துக்கொண்டேன். பார்வைக் கோடுகள், வெளியேறும் வழிகள், கழிப்பறை எண்ணிக்கை எல்லாம் விதிப்படி. அந்த அரங்கில் ஒரு பிழையும் கிடையாது. அதைப் பற்றி இன்று எனக்கு வேறொன்றும் நினைவில்லை.

நீ உன் தோட்டத்துத் திடலை எடுத்தாய். நிலம் கைமாறப்போகிறது என்ற பேச்சு அப்போதே இருந்தது. உன் அரங்கில் திரை நடுவில். முன்னால் இருநூற்று நாற்பது இருக்கைகள். பின்னால் தொண்ணூற்றாறு; வரிசைக்குப் பன்னிரண்டு, எட்டு வரிசை. இரண்டு பக்கத்தையும் மூடுகிற ஒரே கூரை. நான்காம் தாளில் கீழே தரைத்தள வரைபடம். மேலே, கடைசியில் வந்து பின்னால் உட்காருகிறவருக்குத் தெரியும் காட்சி: கூரையின் அடிப்புறம், திரை, இடது கையில் வாளோடு ஓர் உருவம், கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பிக் கிடக்கும் 'சுபம்'.

ஒப்படைப்புக்கு மூன்று நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, உனக்கு ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. தாள்களைச் சுருட்டிப் போட்ட குழாயை என் மேசையில் வைத்தாய்.

"கிராணி, அம்மாவ பத்து காஜா ஆஸ்பத்திரியில சேத்துருக்காங்க. நான் போறேன். திங்கக்கெழம காலையில நேரா வந்துர்றேன். நகல் மட்டும் எடுத்து மாட்டிடு. பார்த்துக்கோலா."

"பார்த்துக்கிறேன்" என்றேன்.

பார்த்துக்கொள். இருபத்தேழு ஆண்டுகளாக இந்த ஒரு சொல்லைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீ சொன்னதன் பொருள், பத்திரமாக வைத்துக்கொள். நான் எடுத்துக்கொண்ட பொருள், சரிபார். தமிழில் இரண்டுக்கும் இடமிருக்கிறது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

நம் காலத்தில் டிரேசிங் தாளில் மையால் வரைந்து அதிலிருந்து நகல் எடுப்போம். மைக்கோடு பிழையானால் சவர பிளேடின் நுனியால் சுரண்டி எடுக்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினாலும் தாள் கிழிந்துவிடும். வகுப்பிலேயே சுரண்டுவதில் நிதானமான கை என்று எனக்குப் பெயர். பலரும் தங்கள் பிழைகளை என்னிடம் கொண்டுவருவார்கள். நீ கொண்டுவந்ததில்லை.

சனிக்கிழமை காலை உன் தாள்களைச் சன்னலோரம் விரித்தேன். அதற்குப் பிறகு நடந்ததற்கு எனக்கு நானே சொல்லிவந்த விளக்கம் இது. நான்காம் தாளில் எழுத்து திரும்பியிருப்பதைக் கண்டேன். தாளைப் புரட்டிப் போட்டு வரைந்துவிட்டாய் என்று நினைத்தேன். பின்னால் இருந்த இருக்கைகள், முன் இருக்கைகளை வரையும்போது தாள் நகர்ந்து இரண்டாம் முறை விழுந்தவை என்று நினைத்தேன். நண்பனின் பிழையை நல்லெண்ணத்தோடு திருத்தினேன்.

கேட்க ஒழுங்காக இருக்கிறது, இல்லையா? அத்தனையும் பொய்.

தாளின் வலது மூலையில் உன் பெயர் நேராக இருந்தது. தாள் புரண்டிருந்தால் அதுவும் புரண்டிருக்கும். அதை நான் முதல் நிமிடத்திலேயே கண்டேன். மேலும், தொண்ணூற்றாறு இருக்கைகளைத் தாள் கிழியாமல் சுரண்டி எடுக்க எனக்கு இரண்டு மணி இருபது நிமிடம் ஆயிற்று. இரண்டு மணி இருபது நிமிடம் நீடிக்கிற கவனக்குறைவு என்று ஒன்று கிடையாது.

அவை யாருடைய இருக்கைகள் என்று எனக்குத் தெரியும் வேலு. பஸ்ஸில் அந்தக் கதையைக் கேட்டவன் நான் ஒருவன்தான். திங்கட்கிழமை நடுவர்கள் முன்னால், வகுப்பு முழுவதும் பார்த்திருக்க, நீ எழுந்து நின்று 'ம்பசு' என்று விளக்குவதை மனத்தில் ஓட்டிப் பார்த்தேன். சிரிப்பார்கள் என்று தோன்றியது. உன்னைப் பார்த்துச் சிரித்தால் பரவாயில்லை. நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். திரைக்குப் பின்னால் உட்காருகிற கூட்டத்தில் என்னையும் ஒருவனாக எண்ணிவிடுவார்கள். அதுதான் காரணம். இதை இதுவரை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

பின் இருக்கைகளை எடுத்தேன். திரும்பிய எழுத்தைச் சுரண்டி, அதற்குச் சற்றுக் கீழே, பிளேடு படாத இடத்தில், எழுத்து அச்சுப்பட்டையை வைத்து 'சுபம்' என்று நேராக எழுதினேன். வாள்வீரனைத் தொடவில்லை, இடக்கைக்காரனாக இருக்கக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. கடைசியாகத் தாளின் மூலையில் 'சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில் என் முதலெழுத்துகளை இட்டேன். சரிபார்த்தால் கையொப்பமிட வேண்டும் அல்லவா?

கூரையை மட்டும் என்னால் எடுக்க முடியவில்லை. அது எல்லாத் தாள்களிலும் இருந்தது.

திங்கட்கிழமை நீ பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்தாய். சட்டையில் ஆஸ்பத்திரி வாடை. உன் முறை வந்தது. நடுவர்களில் மூத்தவர் நான்காம் தாளின் அருகே போய் நின்றார். அவர் ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழில் தருகிறேன்: "திரைக்குப் பின்னால் இவ்வளவு பெரிய கூரை எதற்கு? கீழே ஒன்றுமே இல்லையே? யாருக்காக?"

நீ தாளைப் பார்த்தாய். கிட்டப் போய், நகலில் இருக்கைகள் இருக்க வேண்டிய இடத்தை விரலால் தடவினாய். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாய். ஒரே ஒரு முறை. என் பெயரைச் சொல்லியிருக்கலாம். கட்டத்தில் என் எழுத்து இருந்தது, சாட்சியே தேவையில்லை.

"கடைசியில் வருகிறவர்களுக்கு, சார். இருக்கை வரைய மறந்துவிட்டேன்" என்றாய்.

யாரும் சிரிக்கவில்லை. நான் எதற்குப் பயந்தேனோ அது நடக்கவே இல்லை.

வெளியே படிக்கட்டில் உன்னைப் பிடித்தேன். "வேலு, எழுத்து திரும்பியிருந்தது, நான் பிழை என்று நினைத்து..." என்று தொடங்கினேன். நீ முடிக்க விடவில்லை.

"எவ்ளோ நேரமாச்சி சொரண்ட?"

நான் வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன்.

"நல்லாத்தான் சொரண்டியிருக்க. தாளு கிழியல" என்றாய். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "சரி ஸ்ரீகாந்தன், வாரேன்" என்றாய்.

ஸ்ரீகாந்தன். ம்பசு இல்லை, வாரேன். அதற்குப் பிறகு இருபத்தேழு ஆண்டுகளில் ஒருமுறைகூட நீ என்னைக் கிராணி என்று கூப்பிடவில்லை.

உனக்குத் தேர்ச்சி கிடைக்கவில்லை. அடுத்த பருவத்தில் அந்தத் திட்டத்தை மட்டும் மறுபடி ஒப்படைக்கச் சொன்னார்கள். அந்த மாதமே லயங்களைக் காலி செய்யச் சொல்லித் தோட்டத்துக்கு அறிவிப்பு வந்தது. அம்மா உடம்பு தேறியும் தேறாமலும் வீடு திரும்பியிருந்தார். நீ ஊருக்குப் போனாய், திரும்பி வரவில்லை. எல்லாவற்றுக்கும் என் பிளேடு ஒன்றே காரணம் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் கிடையாது. ஆனால் அந்தக் கூரைக்குக் கீழே ஆட்கள் உட்கார்ந்திருந்தால் அந்த மூத்த நடுவர் என்ன கேட்டிருப்பார்? அது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

நீ ஈப்போவில் ஓர் அலுவலகத்தில் வரைவாளனாகச் சேர்ந்தாய். தோட்டங்கள் தாமான்களாக மாறிய காலம். செமோர்ப் பக்கம் எழுந்த வரிசை வீடுகளில் எத்தனையோ உன் கோடுகள். கையெழுத்து எப்போதும் வேறொருவருடையது. நான் பட்டம் பெற்றேன், சில காலம் தொழில் செய்தேன், பிறகு ஈப்போவிலேயே கற்பிக்க வந்தேன். கோவிலிலும் கல்யாண வீடுகளிலும் பார்த்துக்கொள்வோம். நலமா என்பாய். நலம் என்பேன்.

ஒருமுறை மட்டும் காப்பிக்கடையில் என்னை உட்காரவைத்து ஒரு சந்தேகம் கேட்டாய். "ஸ்ரீகாந்தன், சைக்கிள் கொட்டாய்க்கு செவுரு வேணுமா? அந்த எடத்தையும் கட்டடப் பரப்புல சேப்பாங்களா?" சேர்க்க மாட்டார்கள் என்றேன், பிரிவு எண்ணோடு சொன்னேன். தலையாட்டிவிட்டு எனக்கும் சேர்த்துத் தே தாரே டீ சொன்னாய். எதற்குக் கேட்டாய் என்று நான் கேட்கவில்லை.

இனி எழுதப்போவதுதான் இந்தக் கடிதத்தில் எனக்கு மிகவும் கடினமானது. பத்தொன்பது ஆண்டுகளாக, ஒவ்வொரு புது வகுப்பிலும், முதல் நாளே நான் ஒரு கதை சொல்லிவந்தேன். "என்னோடு ஒரு மாணவன் படித்தான். பெரிய கூரை போட்டான். கீழே இருக்கை போட மறந்தான். வரைந்ததைச் சரிபாருங்கள்." பெயர் சொன்னதில்லை. வகுப்பு சிரிக்கும். சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மைபோல ஆகிவிட்டது. ஒரு பொய்யை இருபது வயதுப் பிள்ளைகளின் வாயில் ஆண்டுதோறும் ஊட்டியிருக்கிறேன்.

உன் பதினாறாம் நாள் கருமக்கிரியைக்கு வந்தேன். அன்றும் நாலு மணிக்கு மழை பிடித்தது. பந்தல் எதுவும் கட்டியிருக்கவில்லை, தேவைப்படவும் இல்லை. உன் வரிசை வீடுகளின் கோடியில், சுவரே இல்லாத ஒரு நீண்ட கூரைக்குக் கீழே தாமானே உட்கார்ந்திருந்தது. நடுவில் இடம் விட்டு இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் நாற்காலிகள். பக்கத்தில் இருந்த பெரியவரிடம் இது என்ன மண்டபம் என்று கேட்டேன்.

"மண்டபமா? பிளான்ல இது சைக்கிள் கொட்டாய் தம்பி" என்றார். "இருவது வருசமா இருக்கேன், ஒரு சைக்கிள பாத்ததில்ல. கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாம் இங்கதான். வேலு வரைஞ்ச தாமானு எல்லாத்துலயும் கோடியில இப்படி ஒண்ணு இருக்கும்லா."

சாப்பாடு முடிந்து கூட்டம் கலையும்போது ராஜி என்னிடம் வந்தாள். கையில் உன் தாள்கள் இருந்த அந்தக் குழாய். அதன் மூடியில் ஒப்படைப்புக்காக நான் ஒட்டிய எண் சீட்டுகூட அப்படியே இருந்தது.

"அண்ணே, நீங்க அவரு கூட படிச்சவரு, ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கிராணி, கிராணின்னு ஒருத்தரு இருந்தாராமே, யாருண்ணே அது? தோட்டத்து ஆளா? காலையிலேருந்து தேடுறேன்."

"எதற்குத் தங்கச்சி?"

"வூட்டுல எப்பவும் அவரு பேச்சுதான். கிராணி இருந்தா இப்படிச் சொல்வான், கிராணி இருந்தா இதுக்கு ரூல் நம்பர் கேப்பான்னு. கடைசியா ஆஸ்பத்திரியில இத எங்கிட்ட சொன்னாரு. 'அந்தக் கொழாய கிராணிகிட்ட குடுத்துடு. அவன் பார்த்துப்பான்.'"

"நான்தான் தங்கச்சி" என்றேன்.

"நீங்களா? நீங்க ஸ்ரீகாந்தன் சாராச்சே. ஒங்கள அவரு அப்படித்தானே கூப்புடுவாரு?" என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அப்ப, கூர போட்டு சீட்டு மறந்தவன் கதைய காலேஜ்ல சொல்றது நீங்கதானா?"

அவள் சொல்லித்தான் தெரிந்தது. என்னிடம் படித்த ஒரு பெண் உன் அலுவலகத்தில் சேர்ந்து, பகல் சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறாள். உனக்கும் சேர்த்து.

"வூட்டுக்கு வந்து விழுந்து விழுந்து சிரிச்சாருண்ணே. 'கிராணி இன்னும் பெரட்டுல என் பேர படிக்கிறான்லா'ன்னாரு. அப்புறம் போயி படுத்துக்கிட்டாரு. சாப்புடல."

குழாயை வாங்கிக்கொண்டேன். அங்கேயே அவளிடம் உண்மையைச் சொன்னேன். அவள் கோபிக்கவில்லை, "சாப்புட்டீங்களாண்ணே?" என்று மட்டும் கேட்டாள். கோபித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

வீட்டில் தாளை விரித்தேன். நான் சுரண்டிய இடத்தில் நீ இருக்கைகளைத் திரும்ப வரைந்திருக்கிறாய், பென்சிலால். ஏன் பென்சில் என்று எனக்குத் தெரியும். சுரண்டிய தாளில் மை ஊறிப் படரும், கோடு நிற்காது. தொண்ணூற்றாறும் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் பொடி எழுத்தில் ஒரு பெயர். முதல் வரிசையில் அம்மா. பக்கத்தில் பாப்பாத்தி அக்கா, நாலாம் வூட்டு செல்லம்மா, லேட்டு மீனாட்சி. பெரட்டுப் புத்தகம்போலவே எழுதியிருக்கிறாய், பேர் வெட்டாத பெரட்டு. எட்டாம் வரிசையின் ஓரத்தில் வேலு. அதற்கு அடுத்த இருக்கையில், கிராணி.

எந்த ஆண்டில் எழுதினாய்? கல்லூரியை விட்டுப் போன கையோடா, டயாலிசிஸ் நாட்களிலா? தேதி போடவில்லை நீ. தேதி இல்லாத வரைபடம் செல்லாது என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்.

சரிபார்த்தவர் கட்டத்தில் என் எழுத்துகள் அப்படியே இருக்கின்றன. அதை நீ சுரண்டவில்லை. திரையில் நான் நிமிர்த்தி எழுதிய 'சுபம்' என்பதையும் திருப்பி மாற்றவில்லை. அதை மட்டும் ஏன் விட்டாய் என்று வெகுநேரம் புரியவில்லை. தாளைச் சுருட்ட எடுத்தபோது சன்னல் வெளிச்சம் பட்டது. திருப்பிப் பிடித்தேன். டிரேசிங் தாள் அல்லவா, பின்னாலிருந்தும் தெரிந்தது: ம்பசு. நான் நேராக்கியதாக நினைத்த எழுத்து, பின்பக்கம் உட்காருகிறவனுக்கு நீ எழுதியபடியேதான் இத்தனை ஆண்டும் இருந்திருக்கிறது. நான்தான் ஒருமுறைகூட அந்தப் பக்கம் போய்ப் பார்க்கவில்லை.

இந்தப் பருவத்தில் என் மாணவர்களுக்கும் அதே வகைத் திட்டம்: பழைய தோட்ட நிலம், ஓர் அரங்கு, குடியிருப்பு, சுற்றிலும் வளரப்போகும் நகரம். எல்லாம் கணினியில். அழித்ததைத் திரும்பக் கொண்டுவர அவர்களுக்கு ஒரு விசை இருக்கிறது, தட்டினால் வந்துவிடுகிறது. பார்க்கும்போதெல்லாம் கையை வேறு பக்கம் எடுத்துக்கொள்கிறேன்.

நாம் படித்த கல்லூரிக்கு எழுதிவிட்டேன். நான்காம் தாளை மாற்றியது வரைந்தவர் அல்லர், நானே என்று. மதிப்பெண் மாறாது, தெரியும். கோப்பிலாவது இருக்கட்டும்.

வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, மழைக்கு முன்பாக, உன் தாமானின் சைக்கிள் கொட்டகைக்குப் போகிறேன். ராஜி சம்மதித்துவிட்டாள். "இந்தத் தடவ பிளேடு எடுத்துட்டு வராதீங்கண்ணே" என்றாள். என் மாணவர்கள் பதினெட்டுப் பேரும் தங்கள் அரங்குகளின் மாதிரிகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நான்காம் தாளை இரண்டு தூண்களுக்கு நடுவில் கட்டுவேன். சுவரில் மாட்ட மாட்டேன். முன்னால் அவர்களுக்கு நாற்காலி. பின்னால் தொண்ணூற்றாறு நாற்காலிகள், தாமான் மக்களுக்கு, எப்போது வந்தாலும்.

உன் பென்சில் கோட்டின்மேல் மை ஏற்ற மாட்டேன். கட்டத்தில் உள்ள என் எழுத்துகளையும் அழிக்க மாட்டேன். அந்தக் கதையை எல்லோர் முன்னாலும் திருத்திச் சொல்வேன்: கூரை போட்டவன் இருக்கை போட மறக்கவில்லை, உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பிவிட்டது நான். அவன் பெயர் வேலாயுதம். இனி ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் இதைத்தான் சொல்வேன், பெயரோடு.

சொல்லி முடித்ததும் திரையைச் சுற்றிப் பின்பக்கம் போய், எட்டாம் வரிசை ஓரத்தில், நீ எனக்குக் குறித்துவைத்த இடத்தில் உட்காருவேன்.

ம்பசு, வேலு.

உன் பக்கத்து இருக்கை மச்சான்,
கிராணி